ஏரியும் மூச்சு விடும்

பவாய் ஏரிக்கரையில் நிற்பவர் எவருடைய கண்ணிலும் முதலில் படுவது ஆகாயத்தாமரை. ஊதாப் பூவும் பச்சை இலையுமாய் அது பரந்து கிடப்பதைப் பார்த்து, "அடடா, ஏரியைக் களை மூடிவிட்டதே!" என்று வருந்தாதவர் இல்லை. பிறகு மாநகராட்சியின் இயந்திரங்கள் வருகின்றன. களையை வாரிக் கரையேற்றுகின்றன. செய்தித்தாளில் படமும் வெளிவருகிறது. நாமும் மனநிறைவு கொள்கிறோம். சில திங்கள் சென்றதும் பழையபடி பச்சை படர்கிறது. மீண்டும் மீண்டும் நிகழும் இக்காட்சிக்குப் பழகிப்போன நாம் ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிட்டோம். களை ஏன் முளைக்கிறது?

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தாமரை பவாய் ஏரியின் நோயன்று, நோயின் அறிகுறி. நோய் கண்ணுக்குத் தெரிவதன்று. அது நீரில் கரைந்து கிடக்கிறது. கரைந்து கிடப்பதை விட்டுவிட்டு மிதந்து கிடப்பதை மட்டும் வாரிக்கொண்டிருக்கும் வரை, எத்தனை கோடி ரூபாய் செலவிட்டாலும் ஏரி பிழைக்காது. ஏரி பிழைக்காவிட்டால் அதன் துன்பம் பவாயோடு நிற்பதுமில்லை. தாராவியில் வாழும் நம் மக்களின் வாசல்வரை அது வருகிறது.

இதனை விளக்கக் கொஞ்சம் விஞ்ஞானம் பேசவேண்டும். கலைப் பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. சமையலறை அறிவே இதற்குப் போதும்.

ஏரிநீரில் ஒரு குவளை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நுண்ணிய துளைகளையுடைய வடிதாளில் அதனை வடிகட்டுவோம். பாசியும் மண்ணும் மேலே தங்கிவிடும். கீழே இறங்கும் நீர் தெளிவாக இருக்கும். எனினும் அது வெறும் நீரன்று. இலை ஊறிய சாறு, பாசி கசியவிட்ட சர்க்கரை, மடிந்த உயிர்களின் புரதத் துணுக்கு, சமையலறைக் கஞ்சி, குளியலறைச் சோப்பு, மலசலம் ஆகிய யாவும் கரைந்த வடிவில் அதில் உண்டு. கரியை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்கள் ஆதலின் இவற்றைக் கரைந்த கரிமப் பொருள் என்பர். தேநீரில் கரைந்த சர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை, நாக்கு அறியும். ஏரியில் கரைந்திருப்பதை அறியும் நாக்கு பாக்டீரியாவினுடையது.

ஒரு மில்லிலிட்டர் ஏரிநீரில் பத்து இலட்சம் பாக்டீரியா இருப்பது வியப்பன்று. அவற்றுக்கு வாயுமில்லை, பல்லுமில்லை. பெரிய மூலக்கூறு எதிர்ப்பட்டால், நொதிகளை வெளியே விட்டு அதனை நறுக்கி, சிறு துணுக்குகளை உடற்சுவரின் வழியே உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சியதில் ஒரு பகுதி அவற்றின் உடலாகிறது. மற்றொரு பகுதி எரிந்து ஆற்றலாகிறது. இதற்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். நாம் உண்ணும் சோற்றின் கதையும் இதுவே. எரிப்பதற்குப் பிராணவாயு வேண்டும். எரிந்தபின் கரியமிலவாயு வெளிப்படும். 1998-இல் டெல் ஜியார்ஜியோ, கோல் என்னும் இரு விஞ்ஞானிகள் பல நீர்நிலைகளில் எடுத்த கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தனர். பாக்டீரியா உட்கொண்ட கரியில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவிலிருந்து அறுபது பங்கு வரை உடலாகிறது. எஞ்சியதெல்லாம் மூச்சாகப் போய்விடுகிறது என்பது அதில் தெரிந்தது.

ஆகவே ஏரி மூச்சு விடுகிறது என்று நான் சொல்வது கவிதையன்று. 1994-இல் கோலும் அவருடன் உழைத்தவர்களும் உலகெங்குமுள்ள 1835 ஏரிகளின் மேல்நீர்க் கணக்கை ஆராய்ந்தனர். மாதிரிகளில் நூற்றுக்கு 87-இல், காற்றோடு சமநிலையில் இருக்கவேண்டிய அளவினும் மிகுதியாகக் கரியமிலவாயு இருந்தது. காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வந்து சேரும் கரியை உண்டு, ஏரிகள் மூச்செறிந்துகொண்டே இருக்கின்றன.

பாக்டீரியா என்றதும் காலராவையும் டைபாய்டையும் நினைத்து நாம் நடுங்குகிறோம். அவ்வகை ஒரு சிலவே. பெரும்பாலானவை ஏரியின் உழைப்பாளிகள். கரைந்துபோன உணவு மீனின் வாய்க்கு எட்டாது. பாக்டீரியா அதனை உண்டு உடலாக்குகிறது. பாக்டீரியாவை ஓரணு உயிர்கள் உண்கின்றன. அவற்றைச் சிறு நீர்ப்பூச்சிகள் உண்கின்றன. அவற்றை மீன்குஞ்சுகள் உண்கின்றன. கழிந்து போனதை மீண்டும் பந்திக்குக் கொண்டுவரும் இந்த வட்டத்தை அசாமும் அவருடைய கூட்டாளிகளும் 1983-இல் கடலை ஆராய்ந்து வகுத்துக் காட்டினர். நன்னீர் ஏரிகளுக்கும் அது பொருந்துகிறது. எனவே கரைந்த கரிமப் பொருளும் பகையன்று, பாக்டீரியாவும் பகையன்று. எவ்வளவு வருகிறது, எத்தகையது வருகிறது என்பதே வழக்கு.

இதற்குச் சான்று தேடி அயல்நாடு போகவேண்டியதில்லை. பவாய்க்கு அண்டையிலேயே விஹார் ஏரி இருக்கிறது. 1860-இல் கட்டி முடித்தது. இம்மாநகருக்குக் குழாய்நீர் தந்த முதல் ஏரி. இன்றும் மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளில் அது ஒன்று. அங்கும் கரிமப் பொருள் கரைகிறது, சுற்றிலும் காடல்லவா? ஆனால் அது பெரும்பாலும் இலையும் மரப்பட்டையும் ஊறிய சாறு. பாக்டீரியாவுக்கு எளிதில் செரியாத கடின உணவு. வெயில் பட்டுச் சிதைந்து, மெல்ல மெல்லச் செரிக்கிறது. ஏரியின் மூச்சு சீராக நடக்கிறது. பவாய் ஏரி 1890-ஐ ஒட்டி மித்தி ஆற்றின் குறுக்கே அணையிட்டு உண்டாக்கியது. அதன் நீரை இன்று எவரும் குடிப்பதில்லை. தொழிற்சாலைகளுக்கும் ஆரே பால் குடியிருப்பின் பிற தேவைகளுக்குமே அது உதவுகிறது. அங்கே கரைவது வீட்டுச் சாக்கடை. அது நொடியில் செரிக்கும் உணவு. விஹார் கேழ்வரகுக் களி உண்கிறது என்றால், பவாய்க்கு நாம் சர்க்கரைப் பாகை அண்டா அண்டாவாக ஊற்றுகிறோம்.

எவ்வளவு ஊற்றுகிறோம்? நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் லிட்டர் கழிவுநீர் பவாய் ஏரியில் கலப்பதாக அண்மை ஆண்டுகளில் மாநகராட்சியின் கணக்கு செய்தித்தாள்களில் வெளிவந்தது. ஏரி நிறைந்தால் கொள்ளளவு சுமார் 545 கோடி லிட்டர். "545 கோடிக்கு முன் 1 கோடியே 80 இலட்சம் எம்மாத்திரம்?" என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முப்பது டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. வெப்பம் ஏற ஏற இது குறையும். குளிர்நாட்டு ஏரிகளுக்கு உள்ள வசதி நமக்கில்லை. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடை ஒரு லிட்டரைச் செரிக்க, பாக்டீரியாவுக்கு ஐந்து நாளில் சுமார் 200 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் சாக்கடை ஏறத்தாழ 27 லிட்டர் நல்ல நீரின் மூச்சை முழுவதும் குடித்துவிடும். நிறைந்த பவாய் ஏரியில் அடங்கக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 41 டன். நாள்தோறும் வரும் சாக்கடை கேட்கும் பிராணவாயு 3.6 டன். காற்றும் பாசியும் புதிதாகப் பிராணவாயு தரவில்லை என்று வைத்துக்கொண்டால், பதினொன்று அல்லது பன்னிரண்டு நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும்! காற்றும் பாசியும் தந்துகொண்டே இருப்பதால்தான் ஏரி இன்னும் உயிரோடிருக்கிறது. அது கடன் வாங்கிக் காலந்தள்ளும் குடும்பத்தின் நிலை.

அந்தக் கடனும் இரவில் கிடைப்பதில்லை. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து பிராணவாயு தருகிறது. கதிரவன் மறைந்ததும் அதுவும் பாக்டீரியாவோடு சேர்ந்து மூச்சு வாங்கத் தொடங்குகிறது. விடியற்காலைக்குச் சற்று முன் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். சீர்கெட்ட ஏரிகளில் மீன்கள் செத்து மிதப்பதைக் காலையில் எழுந்தவர்கள் காண்பது இதனால்தான். எவரோ நஞ்சு கலந்துவிட்டார் என்று கூக்குரல் எழும். நஞ்சு வேண்டியதில்லை. சோறு மிகுந்து, மூச்சு குறைந்தாலே போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி பாக்டீரியாவை அறியாத காலத்தில் பிறந்தது. எனினும் ஏரிக்கும் அது பொருந்துகிறது.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு விடை காண்போம். பாக்டீரியா சாக்கடையைச் செரிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் விடுபடுகின்றன. உழவர் காசு கொடுத்து வாங்கும் உரமும் இவையே. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரைக்கு நாம் இலவசமாக உரமிடுகிறோம். அது செழித்து, நீரின்மேல் பாயாக விரிந்து, வெயிலையும் காற்றையும் தடுக்கிறது. பிறகு அழுகி மூழ்கிக் கரைகிறது. பாக்டீரியாவுக்கு மறுபந்தி ஆகிறது. ஆகையால் களை அகற்றுவது வீண் என்று நான் சொல்லவில்லை. அகற்றியே தீரவேண்டும். ஆனால் அதுவே மருத்துவம் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன். குழாயைத் திறந்துவிட்டுவிட்டுத் தரையைத் துடைப்பவரை நாம் அறிவாளி என்போமா?

நிற்க. பவாய் ஏரியின் உபரிநீரும் விஹாரின் உபரிநீரும் சேர்ந்ததே மித்தி ஆறு. அது சாகி நாக்காவையும் குர்லாவையும் கடந்து, வழிநெடுகக் கழிவுநீரை ஏற்று, தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. அங்கே வரும்போது அதற்குப் பெரும்பாலும் மூச்சே இருப்பதில்லை. பிராணவாயு தீர்ந்தால் பாக்டீரியா எல்லாம் மடிந்துவிடும் என்று எண்ணலாகாது. வேறு இனங்கள் வேலையை ஏற்கின்றன. அவை பிராணவாயுவுக்குப் பதிலாக நைட்ரேட்டையும், அது தீர்ந்தால் இரும்புத் துருவையும், அதுவும் தீர்ந்தால் சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஓதத்தின்போது அது கழிமுகத்தில் ஏறுகிறது. சல்பேட்டைக் கொண்டு மூச்சு விடும் பாக்டீரியா வெளியிடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு. இரும்போடு அது கூடுவதால் சேறு கறுக்கிறது. மாஹிம் பாலத்தின்மேல் ரயில் போகும்போது கைக்குட்டை மூக்கைத் தேடுவதன் காரணம் இதுவே.

அப்போது பெட்டியில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "தாராவி வந்துவிட்டது" என்கிறார்கள். தாராவியிலோ மாட்டுங்காவின் எல்லையிலோ பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்திருக்கிறோம்! நான் சொல்கிறேன், தலைகுனிய வேண்டியதில்லை. அந்த நாற்றத்துக்கான உணவு வழிநெடுக ஆற்றில் கரைந்தது. மேட்டில் வாழ்பவரின் கழிவு, பள்ளத்தில் வாழ்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. நம்மவர்க்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கெனத் தென்மாவட்டத் தமிழர் தாராவிக்கு வந்தனர்; அத்தொழிலின் கழிவும் அந்நாளில் கழிமுகத்தில்தான் சேர்ந்தது. அதை மறைக்க வேண்டா. ஆனால் அந்தப் பதனிடும் கூடங்களில் பெரும்பாலானவை போய்ப் பல காலம் ஆயிற்று. நாற்றம் போகவில்லையே! பழியை ஒரு பேட்டையின்மேல் சுமத்திவிட்டு நகரம் முழுவதும் கைகழுவிக்கொள்வது நேர்மையாகுமா?

2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி பெருகி நகரை மூழ்கடித்தது. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தினோம், தூர் வாரினோம், கரை கட்டினோம். ஆறு எவ்வளவு நீரைக் கடத்தும் என்று பேசிய நாம், அது எப்படி மூச்சு விடும் என்று பேசியது மிகக் குறைவு.

ஏரிக்குச் சொல்லப்படும் வேறு இரண்டு மருந்துகளையும் பார்ப்போம். ஒன்று, நீரூற்று அமைத்தல். அழகாகத்தான் இருக்கும், கொஞ்சம் காற்றும் கலக்கும். நாளுக்கு 3.6 டன் கேட்கும் பசிக்கு அது எந்த மூலை? மற்றொன்று, பாக்டீரியாக் கலவையை வாங்கி ஏரியில் தூவுதல். மில்லிலிட்டருக்குப் பத்து இலட்சம் வேலையாட்கள் ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு மேலும் ஆள் அனுப்பி என்ன பயன்? அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, மூச்சுக்குத்தான் பஞ்சம்.

அப்படியானால் வழி என்ன? பாக்டீரியா ஏரியில் திணறிக்கொண்டு செய்யும் வேலையை, ஏரிக்கு வருமுன், தொட்டியில், வேண்டிய காற்றைக் கொடுத்துச் செய்விக்க வேண்டும். இது புதிய மந்திரமன்று. மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் 1914-இல் இம்முறையை வெளியிட்டனர். சாக்கடையில் காற்றைச் செலுத்தி, படியும் சேற்றை எறியாமல் மீண்டும் மீண்டும் சேர்த்துவந்தால், அதில் பெருகும் பாக்டீரியா சில மணி நேரத்தில் நீரைத் தெளிவித்துவிடும் என்று கண்டனர். அவர்களைத் தூண்டிய பேராசிரியர் கில்பர்ட் பவுலர், 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கே வந்து பணிபுரிந்தார். நூறாண்டுக்கு முன்பே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்ட அறிவு, பவாய்க் கரைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்றால், குறை அறிவிலா, மனத்திலா? கழிவுநீரைத் திருப்பிவிடவும் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கவும் மாநகராட்சி திட்டம் வகுத்திருப்பது வரவேற்கத்தக்கது. கடைசிச் சாக்கடை வாய் அடைபடும் வரை அத்திட்டத்தை விடாது கேட்டுக்கொண்டிருப்பது நம் கடமை.

"ஏரிக்கரையில் குடிசை போட்டவர்களை விரட்டினால் எல்லாம் சரியாகும்" என்று சிலர் எளிதாகச் சொல்வர். மாடிவீட்டுச் சாக்கடைக்கும் குடிசைச் சாக்கடைக்கும் பாக்டீரியா வேற்றுமை பாராட்டுவதில்லை, நாம்தான் பாராட்டுகிறோம். கழிப்பறையும் கழிவுநீர்க் குழாயும் கொடுக்காத நகரம், அவை இல்லாதவனைக் குற்றவாளி என்பது அறமன்று.

நம் ஊர்களில் ஊருணி என்று ஒன்று உண்டு. குடிநீருக்கென ஒதுக்கிய குளம் அது. அதில் குளிப்பதில்லை, மாடு கழுவுவதில்லை. உள்ளே என்ன போகிறது என்பதைக் காத்தால் நீர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பதை முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால் அதே ஊருணிக் கரையில் சாதியின் பெயரால் மனிதரைத் தள்ளி நிறுத்திய கொடுமையும் நடந்தது. பொதுக்குளத்து நீர் எல்லோருக்கும் பொது என்பதை நிலைநாட்ட அண்ணல் அம்பேத்கர் இதே மராத்திய மண்ணில், மகாட் நகரின் சவதார் குளத்தில், 1927-இல் இறங்கி நீர் அள்ளிப் பருகினார். முன்னோரின் காவலை ஏற்போம்; அவர்தம் தீட்டை எறிவோம். அழுக்கை நீருக்கு வெளியே நிறுத்த வேண்டும்; மனிதரையன்று.

மாணவராகிய நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பவாய்க் கரையோரம் மிதிவண்டிப் பாதை அமைக்கும் வேலை சட்டத்துக்கு மாறானது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2022 மே 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவருள் ஆராய்ச்சி மாணவர் இருவரும் உண்டு. ஆகவே முடியாதென்று சொல்ல நமக்கு வாயில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். நீரில் கரைந்த பிராணவாயுவை அளக்கும் முறையை விங்க்ளர் என்பவர் 1888-லேயே வகுத்துவிட்டார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உள்ள மாங்கனீஸ் உப்பும், காரங்கலந்த அயோடைடும், அமிலமும், தயோசல்பேட்டும், மாவுக்கரைசலும் போதும். முதல் இரண்டையும் நீரில் சேர்த்ததும் பழுப்பு நிறத்தில் படிவு தோன்றினால் பிராணவாயு இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஏரி உயிரோடிருக்கிறதா என்பதைப் பள்ளிச் சிறுவனும் கண்ணால் காணலாம். உரிய அனுமதி பெற்று, கரையில் நின்றே நீர் எடுப்போம்; பவாயில் முதலைகள் உண்டென்பதை மறக்க வேண்டா! திங்களுக்கு ஒருமுறை பவாயிலும், மித்தியில் இரண்டு மூன்று பாலங்களிலும், மாஹிமிலும், விடியற்காலை ஒன்றும் பிற்பகல் ஒன்றுமாக எடுத்து அளப்போம். நீராடுவதற்குரிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமேனும் பிராணவாயு இருக்கவேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். நம் எண்ணை அதன் பக்கத்தில் வைத்து, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி, கல்லூரி வாயிலிலும் தாராவித் தெருமுனையிலும் ஒட்டுவோம். ஓராண்டில் பன்னிரண்டு தாள். அவ்வளவுதான் வேலை.

நாற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தப் பன்னிரண்டு தாளும் காட்டும். அதன்பின் மாஹிம் பாலத்தில் எவரேனும் மூக்கைப் பொத்திக்கொண்டு "தாராவி வந்துவிட்டது" என்றால், நாம் சண்டையிட வேண்டியதில்லை. தாளைக் காட்டினால் போதும்.